போட்டோக்காரருக்கு மட்டும் துட்டு இல்லியா?

வாடா பேராண்டி, உக்காரு. கல்யாணச் செலவு நோட்டை உங்கம்மா எங்கிட்ட காட்டினா. கண்ணாடி போட்டுக்கினு முழுசாப் படிச்சேன். நல்லாத்தான் எழுதிக்கீற. பந்தல், சமையல், மேளம், மைக்செட்டு, சீரியல் பல்பு, டி.ஜே., டிரோனு, அப்புறம் ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டாண்ட வெக்கிற பிளெக்ஸ் பேனரு. பேனர்ல நீ கூலிங் கிளாஸ் போட்டுக்கினு நிக்கிறியாம், பக்கத்துல ஒரு சிங்கம் நிக்குதாம். இந்த ஜவ்வாது மலையில சிங்கத்த எவன்டா பாத்தான்? கரடின்னா உண்டு. கரடியப் போட்டா ஊருக்குப் பொருத்தமாவும் இருக்கும். ஆனா பொண்ணு ஊட்டுக்காரங்க பேனரைப் பாத்துட்டு, இதுல மாப்பிள்ளை யாருன்னு கேப்பாங்க.

அதெல்லாம் உன் இஷ்டம். நோட்டுல கடைசி வரியில ‘போட்டோ, வீடியோ’ன்னு எழுதி, அத்த ஒரே கோடா அடிச்சிட்டு, பக்கத்துல ‘அத்தை மவன் செல்போன்’னு எழுதி வெச்சிக்கீற பாரு, அந்த எடத்துலதான் எனக்கு வெத்தலை பொரையேறிப் போச்சு.

தெரியாமத்தான் கேக்கறேன். சமையலுக்கு எதுக்குடா ஆளு வெச்ச? உன் சின்னம்மா சாமைச் சோறு ஆக்க மாட்டாளா? மேளத்துக்கு எதுக்கு அட்வான்ஸ் குடுத்த? உன் தம்பி அண்டாவைக் குப்புறப் போட்டுத் தட்டினா சத்தம் வராதா? பந்தலுக்கு எதுக்கு போளூர்லேர்ந்து ஆளு? காட்டுல மூங்கில் இல்லியா, நம்ம கையில கொடுவா இல்லியா? அதுக்கெல்லாம் தொழில் தெரிஞ்சவன் வேணும்னு உனக்கே தெரியுது. படம் புடிக்கிறது மட்டும் பொறந்தவன் எல்லாரும் செய்யிற வேலை ஆயிடுச்சு.

போட்டோக்காரங்க ஒரு பேச்சு பேசுவாங்க, ‘சோறு செரிச்சிடும், பூ வாடிடும், படம்தான் அண்ணே நிக்கும்’னு. அது வியாபாரப் பேச்சு, அத்த நான் உனக்குச் சொல்ல வரல. என் கணக்கு வேற. கல்யாணம்னா வந்தவன் எல்லாம் வேடிக்கைக்குள்ள இருப்பான். உங்கப்பன் கையில மொய் நோட்டு, உங்கம்மா கண்ணுல தண்ணி, உன் மாமன் வாயில லட்டு, நீ மணையில. வெளியில நின்னு வேடிக்கை பாக்க ஒருத்தனாவது வேணும் இல்ல? சொந்தக்காரன் எவனும் அப்படி நிக்க மாட்டான், நிக்கவும் முடியாது. துட்டு குடுத்துத்தான் ஒருத்தனை நிக்க வெக்கணும்.

உன் அத்தை மவன் கதையை எடுத்துக்க. நல்ல புள்ளதான், நான் கொறை சொல்லல. செல்போனு அவனுது பெருசு, பின்னாடி மூணு கண்ணு இருக்கு, அதுவும் ஒத்துக்கறேன். பட்டப்பகல்ல, வெயில்ல, நின்ன எடத்துல நின்னா அது நல்லாத்தான் எடுக்குது. ஆனா முகூர்த்தம் இன்னா நேரம்? விடிய நாலரைக்கு மேல ஆறுக்குள்ள. நம்ம மலையில அந்நேரம் பனி இறங்கி, எதிர்ல இருக்குறவன் மூஞ்சியே தட்டுப்படாது. அவன் ராத்திரி முழுக்க டி.ஜே. ஆடிட்டு ரெண்டு மணிக்குப் படுத்திருப்பான். எழுப்புறதுக்குள்ள மாலை மாத்தி முடிஞ்சிடும். எழுந்து வந்தா சார்ஜு இருக்காது. சார்ஜு இருந்தா, ஓசூர்ல இருக்கிற சிநேகிதனுக்கு வீடியோ கால்ல உன் கல்யாணத்தைக் காட்டிக்கினு இருப்பான். அத்தனையும் தாண்டி அவன் உன்னைப் படம் எடுத்தான்னே வெச்சுக்குவோம், அதுல பாதி மூஞ்சி அவனுது இருக்கும், உன் மூஞ்சி பின்னாடி தாலியோட நிக்கும்.

எடுத்த படத்தை எல்லாம் வாட்ஸ்அப்ல தள்ளுவான். சாதாரணமா அனுப்பினா அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். சுருங்கினதைப் பெருசாக்கி சட்டம் போட்டு மாட்டணும்னு உன் பொண்டாட்டி ஸ்டூடியோவுக்கு எடுத்துக்கினு போனா, மூக்கு எது முழி எதுன்னு தெரியாது. மூலப்படம் எங்கடான்னு கேட்டா, ‘பீமன் மடவுல குளிக்கச் சொல்ல போனு தண்ணியில விழுந்துடுச்சு மாமா’ம்பான். அவனை இன்னா பண்ணுவ? கோவிச்சுக்க முடியுமா? ஓசியில செஞ்சவனை ஒரு வார்த்தை கேட்டா அத்தை ரெண்டு வருசம் ஊட்டுக்கு வரமாட்டா. துட்டு வாங்கினவன்னா கழுத்துப் பட்டியப் புடிக்கலாம். அந்த உரிமைக்குத்தாண்டா பாதித் துட்டு.

மிஷின்ல ஒண்ணும் இல்ல, ஆளுலதான் எல்லாம். வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில நீ நின்னா, எந்திரம் அந்த வெள்ளையப் பாத்துட்டு வெளிச்சம் ஜாஸ்தின்னு நெனச்சு படத்தை இருட்டாக்கிடும். நம்ம நிறத்துக்கு அப்புறம் பல்லு மட்டும்தான் மிஞ்சும். நீ பாட்டுக்கு பந்தல்காரங்கிட்ட பச்சையும் நீலமுமா சாமியானாத் துணி போடச் சொல்லிக்கீற. அதுக்குக் கீழ நின்னா பொண்ணு மூஞ்சி பச்சையாவும் மாப்பிள்ளை மூஞ்சி நீலமாவும் விழும். சாமி படத்துக்கு அது சரி. தொழில் தெரிஞ்சவன் முந்தின நாளே வந்து, மணைக்கு மேல மட்டும் வெள்ளைத் துணி கட்டுன்னு பந்தல்காரன் கையைப் புடிச்சிச் சொல்லுவான். பிளாஷை நேரா மூஞ்சியில அடிக்காம, அந்த வெள்ளைத் துணியில அடிச்சி வெளிச்சத்தைத் திருப்பி இறக்குவான். கேமரா ரெண்டு கொண்டாருவான், கார்டு ரெண்டு போடுற கேமராவா வெச்சிருப்பான், ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணுல படம் இருக்கும். கரண்டு போவும்னு தெரிஞ்சே பேட்டரி விளக்கோட வருவான். நம்ம மலைக்கு வரவன் கரண்டை நம்பி வரக்கூடாதுன்னு அவனுக்குச் சொல்லிக் குடுக்கவே வேணாம்.

நேரம்னு ஒண்ணு இருக்குடா. அத்த உனக்கு நம்ம மலையிலேயே காட்டுவேன். ஆலங்காயம் பக்கத்துல காவலூர் இருக்குதே, ஞாபகம் இருக்கா? ஸ்கூல்ல உங்களை வேன்ல கூட்டிக்கினு போனாங்க, நீ தொலைநோக்கியப் பாக்காம கொரங்குக்கு முறுக்குப் போட்டுட்டு வந்த. அங்க மொத தொலைநோக்கி வெச்சது 1968. 1972-ல ஜெர்மனியிலேர்ந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்துச்சு. வேணு பாப்புன்னு ஒரு பெரிய மனுசன் ஊரூரா எடம் தேடி, இந்த மலையைப் புடிச்சாரு. அங்க கட்டடம் கட்டச் சொல்ல மண்ணு சுமந்தவங்கள்ல நானும் ஒருத்தன். ராத்திரியில அந்தப் பக்கம் யாரும் டார்ச் அடிக்கக் கூடாதும்பாங்க. வானத்தைப் படம் புடிக்கிற எடத்துல ஒரு பீடி நெருப்புக்குக் கூடப் பயம்.

1977 மார்ச் 10 ராத்திரி, யுரேனஸ்னு ஒரு கிரகம் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னாடி கடந்து போற முகூர்த்தம். அமெரிக்காக்காரங்க விமானத்துலயே தொலைநோக்கி வெச்சிக்கினு இந்தியப் பெருங்கடல் மேல பறந்துக்கினு இருக்காங்க. காவலூர்ல நம்மாளுங்க ஒரு மீட்டர் தொலைநோக்கிய அதே நட்சத்திரத்து மேல வெச்சிக்கினு உக்காந்திருக்காங்க. கிரகம் இன்னும் நட்சத்திரத்தாண்ட வந்து சேரல. அதுக்கு முன்னாடியே நட்சத்திர வெளிச்சம் பொசுக்குனு மங்கி, சில விநாடியில திரும்பிடுச்சு. கிரகத்தைச் சுத்தி வளையம் இருக்குன்னு உலகத்துக்குத் தெரிஞ்சது அந்தச் சில விநாடியிலதான். விமானத்துல இருந்தவங்க நேரம் ஆவட்டும்னு இல்லாம முன்கூட்டியே கருவிய ஓட விட்டுட்டாங்க, அதனால மாட்டுச்சு. ‘இன்னும் நேரம் இருக்கே, ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்’னு எவனாவது எழுந்து போயிருந்தா வளையம் அன்னிக்கு வளையமாவே இருந்திருக்கும், நமக்குத்தான் தெரிஞ்சிருக்காது.

மூணு முடிச்சு போட எம்மாம் நேரம்? அந்தச் சில விநாடிதான். கெட்டிமேளம்னு ஒருத்தன் கத்துறான், நூறு பேரு அட்சதையோட எழுந்து நிக்கிறான், அம்பது பேரு செல்போனைத் தூக்குறான். உன் அத்தை மவன் எங்க நிப்பான்? கூட்டத்துக்குப் பின்னாடி, உங்க பெரிய மாமன் முதுகுக்குப் பின்னாடி. அவருது முதுகு நல்ல முதுகுதான், ஆனா அதுக்குன்னு ஆல்பத்துல நாலு பக்கம் தேவையில்ல. தொழில்காரன் நீ மணையில உக்காரும்போதே அவன் எடத்தைப் புடிச்சிருப்பான். பெரிய மாமன் எழுந்திருக்கும் முன்னாடியே ‘மாமா, கொஞ்சம்’னு தோளைத் தொட்டு உக்கார வெச்சிருப்பான். ஊர்க்கவுண்டர் சொன்னாக்கூட உக்காராத மனுசன், கேமராக்காரன் சொன்னா உக்காருவாரு. அது அந்தக் கருப்புப் பொட்டிக்கு இருக்கிற மரியாதை.

அந்த வேணு பாப்பு கதையில இன்னொண்ணு கூட இருக்கு. அவரு 1949-ல அமெரிக்காவுல படிக்கச் சொல்ல, ராத்திரியில தான் எடுத்த கண்ணாடித் தகட்டுப் படத்தைக் கழுவிப் பாத்தா, அதுல ஒரு புது வால்நட்சத்திரம். இன்னும் ரெண்டு பேரு பேரோட சேத்து இவரு பேரையும் அதுக்கு வெச்சிட்டாங்க. காவலூர் பெரிய தொலைநோக்கி முடிஞ்சு 1986-ல ராஜீவ் காந்தி வந்து அதுக்கு பாப்பு பேரையே வெச்சாரு. அத்தப் பாக்க அவரு இல்ல, 1982-லயே போயிட்டாரு. அப்புறம் 1988 பிப்ரவரியில, அதே காவலூர்ல ராஜமோகன்னு ஒரு விஞ்ஞானி வானத்தைப் படம் எடுத்து எடுத்து ஒரு சிறுகோளைக் கண்டுபுடிச்சாரு. அதுக்கு ராமானுஜன்னு கணக்கு வாத்தியாருங்க கும்புடுற மனுசன் பேரை வெச்சாங்க. நம்ம தேசத்துலேர்ந்து சிறுகோள் கண்டுபுடிச்சு அதுக்கு முன்னாடி நூறு வருசத்துக்கு மேல ஆச்சாம். சிறுகோளைக் கண்டுபுடிக்கிற சூட்சுமம் இன்னா தெரியுமா? ஒரே எடத்தை நேரம் விட்டு நேரம் படம் எடுத்தா, நட்சத்திரம் எல்லாம் நின்ன எடத்துல நிக்கும், ஒரு புள்ளி மட்டும் நகந்திருக்கும். உன் கல்யாணத்துல இதையே தலைகீழாப் பாக்கலாம். எல்லாரும் நகந்திருப்பாங்க, பந்தியில உன் சித்தப்பன் மட்டும் ஒரே எலையில இருப்பான்.

சிரிக்காத. விஷயத்துக்கு வா. இந்த மண்ணுல படம் புடிக்க ஆளு வெக்கிறது புதுசு இல்ல. செங்கம் பக்கம் நடுகல்லு எத்தினி இருக்கு? காணக் காண வந்துக்கினே இருக்கும். தொறு, அதான் மாடு, அத்த ஓட்டிக்கினு போனவனைத் தடுத்து செத்தவனுக்கு எல்லாம் கல்லு. அதுல எடுத்தனூர் கல்லு ஒண்ணு. பல்லவராசா மகேந்திரவர்மன் காலத்துது, 1,400 வருசம் ஆவுது. கருந்தேவக்கத்தின்னு ஒரு வீரன். அவன் பக்கத்துல ஒரு நாயி. நாயி பேரு கோவிவன். அது ரெண்டு திருடனைக் கடிச்சிக் காவல் நின்னுச்சுன்னு கல்லுல எழுதி, நாயையும் செதுக்கி வெச்சிருக்காங்க. ராசா பேரு தெரியும், வீரன் பேரு தெரியும், நாயி பேரு தெரியும். எங்கப்பனைப் பெத்தவன் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எனக்கே தெரியாது, எடுத்தனூர் நாய்க்குக் காதும் வாலும் எப்படி இருந்துச்சுன்னு ஊருக்கே தெரியும்.

அந்தக் கல்லை யாருடா செதுக்கினான்? உளி புடிக்கத் தெரிஞ்ச தச்சன். செத்தவனோட அத்தை மவன் ‘எங்கிட்டயும் ஒரு உளி இருக்கு, நானே செதுக்கறேன், எதுக்கு வீண் செலவு’ன்னு வந்து நின்னிருந்தா இன்னா ஆயிருக்கும்? நாயி ஆடா ஆயிருக்கும். வீரனைக் கடிச்சிது திருடனா நாயான்னு இன்னிக்குத் தொல்லியல் துறைக்காரங்க தலையப் பிச்சிக்கினு இருப்பாங்க.

துட்டு குடுக்காம நம்மளைப் படம் புடிச்சவனும் ஒருத்தன் இருந்தான். தர்ஸ்டன்னு வெள்ளைக்காரன், மெட்ராஸ் மியூசியத்துக்குத் தலைவன். ஊர் ஊராப் போயி, சாதி சாதியா, மக்களை நிக்க வெச்சிப் படம் எடுத்தான், தலையையும் மூக்கையும் கருவி வெச்சி அளந்தான். ரங்காச்சாரின்னு ஒருத்தரையும் சேத்துக்கினு 1909-ல ஏழு பாகமாப் புஸ்தகம் போட்டான். மலையில வாழுற நம்ம மலையாளி சனத்தைப் பத்தியும் அதுல உண்டு. படத்துக்குக் கீழ பெரும்பாலும் நின்னவன் பேரு இருக்காது, சாதிப் பேருதான் இருக்கும். நாயிக்குக் கூடப் பேரு எழுதின நாடுடா இது! படம் வேணும்னு கேட்டவன் அவன், அதனால அவனுக்கு வேணுங்கிறபடி வந்துச்சு. இன்னிக்கும் அதான நடக்குது? கோடை விழாவுக்கு ஜமுனாமரத்தூர் வரானுங்க, பெரிய பெரிய கேமரா. உன் ஆயா சாமை குத்திக்கினு இருந்தா, ‘பாட்டி, இப்படிப் பாருங்க’ன்னு நாலு படம் எடுத்துக்கினு போயிடுறான். அது எந்த ஊரு கண்ணாடிப் பொட்டியில தொங்குதோ, எந்த காலண்டர்ல மார்ச்சு மாசமா இருக்குதோ. ஆயா கையில ஒரு படம் இல்ல. எடுத்தவனுக்கு அவ பேரும் தெரியாது. நீயா ஒருத்தனைக் கூப்புட்டு, நீயா துட்டு குடுத்தா, அவன் உனக்கு வேணும்கிறதைப் பாப்பான். ‘இவங்க யாரு, இவங்க உங்களுக்கு இன்னா மொறை’ன்னு கேட்டுக் கேட்டு எடுப்பான்.

இதுல சட்டம் கூட இருக்குது. போளூர் கோர்ட்டுல வக்கீலா இருக்கிற என் சிநேகிதன் மவன் சொன்னான். 1957-ஆம் வருசத்துப் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவு. துட்டு குடுத்து நீ கேட்டு எடுத்த போட்டோவுக்கு மொத உரிமைக்காரன் நீதான், வேற மாதிரி ஒப்பந்தம் போடாத வரைக்கும். சும்மா எடுத்தவன் படம் எடுத்தவனுக்கே சொந்தம். ஆகக்கூடி, உன் கல்யாணப் படம் உன் அத்தை மவன் சொத்து ஆவப் போவுது. நெலத்துப் பட்டாவுல ஒரு சென்ட்டு வெளியாளு பேருல ஏறினா தாலுக்கா ஆபீசுக்கு ஓடுற நீ, பொண்டாட்டி மூஞ்சியை அவன் பேருக்கு எழுதி வெக்கிற.

ஆனா ஸ்டூடியோக்காரன் நீட்டுற தாளைப் படிக்காம கையெழுத்துப் போடாத. ‘வேற மாதிரி ஒப்பந்தம்’ அதுலதான் சின்ன எழுத்துல ஒளிஞ்சிருக்கும். எத்தினி படம் குடுப்ப, ஆல்பம் எத்தினி பக்கம், எந்த மாசம் கையில வரும், திருத்தாத படத்தை பென்டிரைவ்ல தருவியா, என் கல்யாணத்தை உன் இன்ஸ்டாகிராம்ல போட்டு வியாபாரம் பண்ணுவியா, உனக்குக் காய்ச்சல் வந்தா யாரு வருவான், எல்லாம் இப்பவே கேட்டு எழுதி வாங்கு. மலையேறி வர வண்டி வாடகை யாரு கணக்குன்னும் கேளு. அப்புறம், நல்லாப் பொறுக்கி எடுத்த பத்துப் படத்தைக் காட்டி மயக்குவான். பத்துப் படம் எவனுக்கும் நல்லா விழும். ஒரு முழுக் கல்யாணத்தைக் காட்டுடான்னு கேளு, மொத படத்துலேர்ந்து தாம்பூலப் பை வரைக்கும். அதுல பந்தியில சாப்புடுற கெழவிங்க மூஞ்சி எப்படி வந்திருக்குன்னு பாரு. பொண்ணை அழகா எடுக்கிறது பெரிய வேலை இல்ல, பொண்ணே அழகாத்தான் இருக்கும். கெழவியை வாயில சோறு இருக்கச் சொல்ல கோவம் வராத மாதிரி எடுக்கிறவன்தான் ஆளு.

கூலிக்கு வரவன் எல்லாம் உத்தமனும் இல்ல. சில பேரு படத்துக்கு வெள்ளையடிக்கிறாங்க. போன தையில ஒரு ஆல்பம் பாத்தேன், நம்ம சனம்தான், ஒருத்தனையும் அடையாளம் தெரியல. காஷ்மீர்லேர்ந்து சம்பந்தம் பண்ணிட்டாங்களோன்னு மூணு பக்கம் திருப்பிட்டேன். நாலாவது பக்கத்துல நானே இருக்கேன், ரோஜாப்பூ நிறத்துல. உங்க ஆயா அந்தப் படத்தைப் பாத்துட்டு ‘யாரு இந்த ஐயரு’ன்னா. ஆகவே, மொதல்லயே சொல்லிடு, சுண்ணாம்பு அடிக்கக் கூப்புடல, உள்ளது உள்ளபடி எடுன்னு. வேப்பங்கொட்டை நிறத்துல இருக்கிறவனை எடுக்கத் தெரியாதவன் வெளிச்சம் படிக்கலன்னு அர்த்தம்.

அப்புறம் அந்த டிரோனு. நோட்டுல போட்டோவை அடிச்சிட்டு டிரோனை மட்டும் விட்டு வெச்சிருக்க, கெட்டிக்காரன். மேலேர்ந்து பாத்தா இன்னாடா தெரியும்? தகரக் கூரையும் சாமியானாவும்தான். உங்கப்பன் வழுக்கை நல்லா விழும். காப்புக்காட்டு மேல வனத்துறைகிட்ட கேக்காம அத்தப் பறக்க விட்டா, முகூர்த்தத்துக்கு ரேஞ்சரும் வருவாரு, மொய் எழுத மாட்டாரு. காட்டுப் பாறையில மலைத்தேனீ அடை அடையாத் தொங்குது, பாத்தியா இல்லியா? அது பக்கத்துல இது ‘உய்ங்’னு போச்சுன்னா, மொத ஓடுறவன் மாப்பிள்ளையா பொண்ணான்னு படம் எடுக்கத்தான் நல்ல போட்டோக்காரன் வேணும்.

கோட்டு சூட்டு வாடகைக்கு எடுத்து பீமன் மடவுல ஈரப் பாறையில ஏறி நிக்கிற ‘பிரீ வெட்டிங்’ பத்தி நான் ஒண்ணும் சொல்லல. வழுக்கும். அவ்வளவுதான்.

எங்க காலத்துல கல்யாணத்துக்குப் படம் கெடையாது. பரிசம் போட்டு, மஞ்சக்கயிறு கட்டி, ரெண்டு நாளு ஆடிப் பாடி முடிச்சோம். ஒரு மாசம் கழிச்சி, மலையிலேர்ந்து எறங்கி, போளூர்ல ஒரு ஸ்டூடியோவுக்கு நானும் உன் ஆயாவும் போனோம். பின்னாடி திரையில அரமனைப் படி, பூந்தொட்டி எல்லாம் வரஞ்சிருக்கும். அப்ப எல்லாம் ரோல் பிலிமு. ஒரு ரோலுக்கு 12 படம் வரும், சதுரமா. 12 படத்துக்கு மேல ஒரு சொட்டு கூட கெடைக்காது. அதனால அந்த மனுசன் எங்களை அரை மணி நேரம் பாத்துட்டு ஒரே ஒரு தடவை அமுக்கினாரு. ‘அம்மா, கொஞ்சம் கிட்ட வாங்க’ன்னாரு. உன் ஆயா வர மாட்டேன்னுட்டா. ‘அண்ணே, நீங்களாவது போங்க’ன்னாரு. நான் போனேன். உன் ஆயா ஒரு அடி நகந்துக்கினா. அந்த ஒரு அடி படத்துல அப்படியே இருக்கு, போயி பாரு. இப்ப நாலாயிரம் படம் எடுக்கிறீங்க, ஒருத்தனும் ஒரு தடவைக்கு மேல பாக்கறதில்ல. எதை அமுக்கணும், எதை விடணும்னு தெரிஞ்ச ஆளுக்குத்தாண்டா சம்பளம். பொத்தானை அமுக்கறதுக்கு இல்ல.

இன்னாடா, தாத்தா இவ்வளவு வக்காலத்து வாங்குறானே, ஸ்டூடியோக்காரன் கமிஷன் குடுத்தானான்னு பாக்குறியா? கமிஷன் இல்ல. எனக்குத் தனியா ஒரு சோலி இருக்கு. போன மாசம் மேலூரு கவுண்டரு போயி சேந்தாரு. கண்ணீர் அஞ்சலி பேனர் போட படம் தேடினாங்க. ஆதார் அட்டையில இருந்ததைப் பெருசாக்கினாங்க, அவரு திருட்டு மாட்டைப் புடிச்ச வழக்குல நிக்கிறாப்ல இருந்தாரு. வேற படம் தேடினா, பேரன் கல்யாணத்துல ஒருத்தன் செல்போன்ல எடுத்தது ஒண்ணு கெடச்சிது. கவுண்டரு வாயில பாதி அப்பளம். அப்பளத்தை அழிக்கிறேன்னு பிளெக்ஸ்காரன் மீசையையும் சேத்து அழிச்சிட்டான். ஊரே துக்கம் கேக்க வந்து, பேனரைப் பாத்துட்டு, அடுத்த ஊட்டுக்குப் போயிட்டு வந்துச்சு.

எனக்கு அப்படி ஆவக்கூடாது. உன் கல்யாணத்துல எனக்குன்னு தனியா ஒரு படம், வேட்டி கட்டி, துண்டு போட்டு, மீசையோட, வெளிச்சம் சரியா விழற எடத்துல, நிதானமா. சும்மா கேட்டா உங்கப்பன் ‘இந்த வயசுல இன்னாத்துக்கு’ம்பான். கல்யாணத்தோட கல்யாணமா எடுத்துட்டா கணக்குல தெரியாது. உன் ஆயாவையும் பக்கத்துல நிக்க வெச்சு ஒண்ணு. இந்தத் தடவை அந்த ஒரு அடியை நான் நகந்துக்குவேன்னு அவகிட்ட சொல்லாத.

அதனால, சொல்லிட்டேன்னு கோவிச்சுக்காத, டிரோனுக்குன்னு ஆயாவோட அரிசிப் பானைக்குள்ள நீ மறைச்சு வெச்சிருந்த துட்டு இப்ப அங்க இல்ல. போளூர் போட்டோக்காரருக்கு அட்வான்ஸா குடுத்துட்டேன். ரசீது என் டிரங்குப் பொட்டியில இருக்குது, உன் பேருலதான் வாங்கினேன், சட்டப்படி நீதான உரிமைக்காரன். மீதிய ஆல்பம் வரச்சொல்ல குடுத்தாப் போதும்னாரு. ஞாயித்துக்கிழமை எடத்தைப் பாக்க மேல வராரு. வரவருக்குச் சோறு போடணும் இல்ல? நாட்டுக்கோழி ஒண்ணு சொல்லி வெச்சிட்டேன். அது உன் கணக்கு.